ஆரம்பக் கல்வியும் வாழ்க்கைத் திறன்களும்: தாணே மாவட்ட அனுபவம்

பதினான்கு வயது நிறையும் வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி அளிக்கப் பத்து ஆண்டுகளுக்குள் முயல வேண்டும் என்று நமது அரசியல் சட்டத்தின் 45ஆவது பிரிவு 1950இல் பணித்தது. அக்கணக்குப்படி 1960இல் முடிந்திருக்க வேண்டிய பணி இது. கோபால கிருஷ்ண கோகலே 1911இல் கொண்டுவந்த கட்டாயக் கல்வி மசோதா அடுத்த ஆண்டே தோற்கடிக்கப்பட்டது. அன்று தொடங்கி 2002ஆம் ஆண்டின் 86ஆவது சட்டத் திருத்தத்தையும், 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தையும் எட்டுவதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று. தாமதம் பெரிதுதான். எனினும் ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள குழந்தைகளில் 95 சதவீதத்துக்கு மேற்பட்டோர் இன்று ஏதேனும் ஒரு பள்ளியின் பதிவேட்டில் இடம் பெற்றிருக்கின்றனர் என்பது சிறிய சாதனையன்று.

ஆயினும் பதிவேட்டில் பெயர் இருப்பதும் குழந்தை படிக்கக் கற்பதும் ஒன்றல்ல. நாட்டின் ஊரகப் பகுதிகளில் 2005 முதல் நடத்தப்பட்டு வரும் ‘அசர்’ என்னும் கல்வி நிலை ஆய்வு மிக எளிய ஒரு சோதனையைச் செய்கிறது. வீட்டுத் திண்ணையில் குழந்தையை உட்காரவைத்து, இரண்டாம் வகுப்புத் தரத்தில் அமைந்த ஒரு சிறு பகுதியைப் படிக்கச் சொல்கிறார்கள். ஐந்தாம் வகுப்பில் பயிலும் குழந்தைகளுள் அதனைப் படிக்க இயன்றோர் 2018இல் ஏறத்தாழப் பாதிப் பேரே. பள்ளிகள் மூடிக்கிடந்த தொற்றுக் காலத்துக்குப் பின், 2022இல், அவ்விகிதம் 42.8 சதவீதமாகக் குறைந்தது. ஐந்து ஆண்டுகள் நாள்தோறும் பள்ளிக்கு வந்த ஒரு சிறுமி, வரும் வழியில் உள்ள மருந்துக் கடைப் பலகையைப் படிக்க மாட்டாள் என்றால், அவளுக்காகச் செலவிட்ட பணம் எங்கே போயிற்று என்று பொருளாதாரம் பயின்றவர் எவரும் கேட்காமல் இருக்க முடியாது.

இக்கேள்விக்கு விடை தேட வெளிநாடுகளுக்குச் செல்ல வேண்டியதில்லை. மகாராஷ்டிர மாநிலத்தின் தாணே மாவட்டமும் அதனை ஒட்டிய மும்பை நகரமும் எண்பது ஆண்டுகளாக இதற்கு விடை சொல்லிக்கொண்டிருக்கின்றன. கேட்டவர்கள்தாம் குறைவு.

மாவட்டத்தின் வடகோடியில், கடலோரத்தில், போர்டி என்னும் சிற்றூர் இருக்கிறது. (2014இல் மாவட்டம் பிரிக்கப்பட்டபின் இப்பகுதி பால்கர் மாவட்டத்தில் சேர்ந்துவிட்டது.) குழந்தைக் கல்வியில் கிஜுபாய் பதேகாவுடன் பாவ்நகரில் பணியாற்றிப் புகழ் பெற்றிருந்த தாராபாய் மோடக் அம்மையார், தம் ஐம்பத்து மூன்றாம் வயதில், 1945இல், இவ்வூருக்கு வந்து ஒரு குழந்தைப் பள்ளியைத் தொடங்கினார். அவருடன் வந்து சேர்ந்தவர் அனுதாய் வாக். பதின்மூன்று வயதில் மணமாகி, ஆறே மாதங்களில் கைம்பெண்ணாகி, பின்னர் தம் முயற்சியால் படித்து ஆசிரியையானவர். பள்ளி முறையாகவே தொடங்கியது. ஆனால் எவருக்காகத் தொடங்கப்பட்டதோ அக்குடும்பங்களின் குழந்தைகள் வரவில்லை. தாழ்த்தப்பட்டோர் குடியிருப்பிலிருந்தும் பழங்குடியினர் குடிசைகளிலிருந்தும் ஒரு குழந்தையை அழைத்து வருவதே பெரும்பாடாக இருந்தது.

அலுவலகப் பழக்கத்தில் இத்தகைய நிலைமைக்கு ஒரு சொற்றொடர் உண்டு: ‘மக்களிடையே போதிய விழிப்புணர்வு இல்லை.’ அவ்விரு பெண்மணிகளும் அவ்வாறு எழுதிவிட்டு நிற்கவில்லை. குழந்தை வராவிட்டால் பள்ளி போகட்டும் என்று முடிவு செய்தனர். குடியிருப்புக்கே சென்று, ஒரு வீட்டு முற்றத்தைப் பெருக்கி, குழந்தைகளைக் கூட்டி, குளிப்பாட்டி, தலை வாரி, பாட்டும் விளையாட்டும் சொல்லிக் கொடுத்தனர். மராத்தியில் முற்றத்துக்கு அங்கண் என்று பெயர். முற்றத்தில் நடந்த அப்பள்ளியே அங்கன்வாடி. 1975 அக்டோபர் 2 அன்று மத்திய அரசு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டத்தைத் தொடங்கியபோது, நாடெங்கும் அமையவிருந்த மையங்களுக்கு இப்பெயரே சூட்டப்பட்டது. இன்று தமிழ்நாட்டுச் சிற்றூர்களில்கூடத் தமிழ்ச் சொல்போல் வழங்கும் அச்சொல்லின் பிறப்பிடம் அநேகருக்குத் தெரியாது.

1957இல் இப்பணி போர்டியிலிருந்து கோஸ்பாட் குன்றுக்கு மாறியது. அங்கு வார்லி பழங்குடியினர் பெருந்தொகையினர். திருமணத்துக்கு வாங்கிய சிறு கடனுக்காகக் கணவனும் மனைவியும் நிலக்கிழாரிடம் ஆண்டுக்கணக்கில் கொத்தடிமையாக உழைத்த வரலாறு அவர்களுடையது. அக்கொடுமையை எதிர்த்து அவர்கள் கோதாவரி பாருலேகர் தலைமையில் கிளர்ந்தெழுந்ததும் அதே 1945இல்தான். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்குக் கடன் கணக்கு எவ்வாறு வளரும் என்பதை அக்குன்றுப் பகுதி மக்களுக்கு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எண்ணும் எழுத்தும் அவர்களுக்கு அலங்காரமன்று, தற்காப்பு.

ஆயினும் வார்லிச் சிறுவர்கள் பகலில் மாடு மேய்த்தனர். சிறுமியர் தம்பி தங்கையரை இடுப்பில் சுமந்தனர். எனவே மேய்ச்சல் நிலத்திலேயே மரத்தடியில் ‘குரண் ஷாளா’ என்னும் மேய்ச்சல்வெளிப் பள்ளி நடந்தது. மாடுகள் கண்ணெதிரே மேயும், பாடமும் நடக்கும். தங்கையைச் சுமந்து வந்த சிறுமியைத் திருப்பி அனுப்பாமல், கைக்குழந்தைக் காப்பகம், குழந்தைப் பள்ளி, ஆரம்பப் பள்ளி ஆகிய மூன்றையும் ஒரே வளாகத்தில் இணைத்து ‘விகாஸ்வாடி’ என்று பெயரிட்டனர். மாண்டிசோரி முறையின் விலையுயர்ந்த கருவிகளுக்கு மாற்றாக விதைகள், சிப்பிகள், இலைகள், பூக்கள் பயன்பட்டன. புளியங்கொட்டையை எண்ணும் கை எண்ணைக் கற்கும் என்பதில் வியப்பில்லை. வியப்பு என்னவெனில், இதைச் செய்து பார்க்க ஒரு நிறுவனம் தேவைப்பட்டது என்பதே. தாராபாய்க்கு 1962இல் பத்மபூஷண் விருதும், அனுதாய்க்கு 1985இல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தன. பெயரை எடுத்துக்கொண்ட நாடு, முறையை எடுத்துக்கொள்ளவில்லை. குழந்தையின் நாளைப் பார்த்துப் பள்ளியின் நேரத்தை வகுப்பது என்னும் அம்முறை கால அட்டவணைக்குள் நுழையவே இல்லை.

கோஸ்பாட் குன்றுச் சமூகத்துக்கும் அதே மாவட்டத்தின் தென்பகுதியிலுள்ள தொழில் நகரங்களுக்கும் தோற்றத்தில் ஒற்றுமை ஏதுமில்லை. 1060ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டுள்ள சிவன் கோயிலால் பெயர் பெற்ற அம்பர்நாத், இருபதாம் நூற்றாண்டில் ஆலை நகரமாயிற்று. தீப்பெட்டித் தொழிற்சாலை, படைக்கலத் தொழிற்சாலை, பின்னர் மாநிலத் தொழில் வளர்ச்சிக் கழகத்தின் தொழிற்பேட்டைகள் என வரிசையாக வந்தன. வேலை தேடித் தென்மாவட்டத் தமிழர் உட்படப் பல மொழியினர் வந்து குடியேறினர். அங்குள்ள குழந்தை மாடு மேய்க்கவில்லை. ஆனால் தாயும் தந்தையும் வேலைக்குச் சென்றபின் குழாயடியில் வரிசையில் நிற்பதும், அடுப்பைப் பார்த்துக்கொள்வதும், தம்பியைப் பள்ளிக்கு இழுத்துச் செல்வதும் அதன் வேலைகளே. இதே மாவட்டத்தின் செங்கற்சூளைகளுக்கு ஆண்டில் பாதிக்காலம் இடம்பெயரும் தொழிலாளரின் குழந்தைகளுக்கோ பள்ளிப் பதிவேடு ஓரூரிலும் வாழ்க்கை வேறூரிலும் இருக்கும். 1990களின் நடுவில் தன்னார்வத் தொண்டர்கள் சூளைக்கருகே நடத்திய ‘போங்கா ஷாளா’க்கள், முற்றத்துப் பள்ளியின் மறுபிறப்பு எனலாம். போங்கா என்பது அத்தொழிலாளர் சூளையருகே அமைத்துக்கொள்ளும் தற்காலிகக் குடிசை.

வாழ்க்கைத் திறன்கள் என்று இப்போது அடிக்கடி பேசப்படுகிறது. உலக சுகாதார நிறுவனம் 1990களில் இத்திறன்களைத் தொகுத்தது. முடிவெடுத்தல், சிக்கலைத் தீர்த்தல், ஆராய்ந்து சிந்தித்தல், பிறருடன் பழகுதல், தன்னை அறிதல், மனநெருக்கடியைத் தாங்குதல் என அது நீள்கிறது. பட்டியலில் குறையில்லை. ஆனால் அதைப் பார்த்தவுடன் ‘வாழ்க்கைத் திறன்’ என்றொரு பாடவேளை ஒதுக்கி, அதற்கொரு நூல் அச்சிட்டு, தேர்வும் வைத்துவிடும் நிர்வாகப் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. கல்யாண் நிலைய நடைமேடையில் தனியே நிற்கும் அம்பர்நாத் சிறுவனை எண்ணிப் பாருங்கள். அறிவிப்புப் பலகையில் ‘ஏ’ என்று காட்டினால் வண்டி அம்பர்நாத்தோடு நிற்கும். ‘பிஎல்’ என்றால் பத்லாபூர் வரை செல்லும், அதுவும் அம்பர்நாத்தைக் கடந்தே செல்லும். இதைப் படிக்கவும், எதில் ஏறினாலும் வீடு சேரலாம் என்று முடிவு செய்யவும், ஐயமிருந்தால் முன்பின் அறியாதவரிடம் தயங்காமல் கேட்கவும், கேட்டவர் கூட வா என்றால் மறுக்கவும் அவனுக்குத் தெரிய வேண்டும். படிப்பறிவும் வாழ்க்கைத் திறனும் இங்கே எந்த இடத்தில் பிரிகின்றன? சம்பளச் சீட்டின் கழிவுகளைக் கூட்டிப் பார்ப்பதும், மருந்துப் புட்டியில் காலாவதி நாளைத் தேடுவதும் இத்தகையனவே. எழுத்தறியாத குழந்தைக்கு வாழ்க்கைத் திறனைத் தனிப்பாடமாகப் புகட்டுவது, நீரில் இறக்காமல் நீச்சல் கற்பிப்பதற்கு ஒப்பாகும்.

அம்பர்நாத் தீப்பெட்டியைக் குறிப்பிட்டதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1920களில் இங்கு எழுந்த ஆலையில் வயது வந்தோர் இயந்திரங்களில் வேலை செய்தனர். கையால் செய்யும் தீப்பெட்டித் தொழில் வேரூன்றிய சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் குழந்தைகளின் விரல்கள் குச்சிகளை அடுக்கின. கைத்தொழிலுக்கு அரசு அளித்த தீர்வைச் சலுகை, வேலைவாய்ப்பைப் பெருக்கும் நல்ல நோக்கம் கொண்டது. ஆனால் மலிவான உழைப்பு என்பது பல குடும்பங்களில் பள்ளி செல்லாத மகள் என்றே பொருள்பட்டது. குழந்தை உழைப்புத் தடைச் சட்டம் 1986இல் வந்தது. தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் 1988இல் தொடங்கப்பட்டபோது சிவகாசியும் அதன் முதற்களங்களுள் ஒன்றாயிற்று. கல்வித் துறையின் வெற்றி தோல்வி சில நேரங்களில் நிதித் துறையின் கோப்புகளில் தீர்மானமாகிறது என்பதற்கு இது சான்று.

இனி மும்பை நகருக்கு வருவோம். 1990களின் நடுவில், மாநகராட்சியின் ஒத்துழைப்போடும் யுனிசெப் நிறுவனத்தின் ஆதரவோடும், மாதவ் சவாண், பரீதா லாம்பே ஆகியோர் முயற்சியில் ‘பிரதம்’ என்னும் அமைப்பு எழுந்தது. குடிசைப் பகுதிகளில் குழந்தைப் பள்ளிகளோடு தொடங்கிய அவ்வமைப்பு, மாநகராட்சிப் பள்ளிகளில் ‘பால்சகி’ என்றொரு முறையைக் கொண்டுவந்தது. சொல்லின் பொருள் குழந்தையின் தோழி என்பது. உயர்நிலைக் கல்வி முடித்த உள்ளூர் இளம்பெண் ஒருவர், இரண்டு வாரப் பயிற்சிக்குப் பின், மூன்றாம் நான்காம் வகுப்புகளில் மிகப் பின்தங்கிய பதினைந்து முதல் இருபது குழந்தைகளைத் தனியே அழைத்து, நாள்தோறும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம், எழுத்து, சொல், எண், கூட்டல் என அடிப்படையிலிருந்து கற்பிப்பார். மாத ஊதியம் 500 முதல் 750 ரூபாய்.

2001 முதல் 2003 வரை மும்பையிலும் வடோதராவிலும் இம்முறை ஆய்வுக்கு உள்ளாயிற்று. ஆய்வாளர்களில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ இருவரும் பின்னர் 2019இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றவர்கள். ஆய்வின் தொடக்கத்திலேயே ஓர் உண்மை வெளிப்பட்டது. மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் முதல் வகுப்புக் கணக்குத் தகுதியை எட்டியிருந்தோர் மும்பையில் மூன்றில் ஒரு பங்கு; வடோதராவில் ஐந்தில் ஒரு பங்கு. ஆசிரியர் மூன்றாம் வகுப்பு நூலை நடத்திக்கொண்டிருக்க, வகுப்பில் பெரும்பாலோர் முதல் வகுப்பிலேயே நின்றுவிட்டிருந்தனர். பால்சகி வந்த பள்ளிகளில் தேர்வு மதிப்பெண்கள் தெளிவாக உயர்ந்தன. இரண்டாம் ஆண்டின் உயர்வு முதலாண்டைப் போல இருமடங்கு. செலவோ ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 107 ரூபாய்.

ஆய்வின் நுட்பமான முடிவு ஒன்று பலரால் கவனிக்கப்படுவதில்லை. இருபது குழந்தைகள் வெளியே சென்றதால் மூல வகுப்பில் கூட்டம் குறைந்தது. அங்கே எஞ்சியவர்கள் நன்றாகப் படித்திருக்க வேண்டுமல்லவா? அவ்வாறு நிகழவில்லை. பயன் பெரும்பாலும் வெளியே சென்ற குழந்தைகளுக்கே கிட்டியது. வகுப்பு சிறிதாயினும் கற்பித்தல் மாறாவிட்டால் பயன் இல்லை என்பது இதன் கருத்து. ஆசிரியர் எண்ணிக்கையை மட்டும் வைத்துத் திட்டம் தீட்டுவோர் இதனை மேசைக் கண்ணாடியின் கீழ் எழுதிவைத்துக்கொள்ளலாம். மற்றொன்றையும் மறைக்கலாகாது. திட்டம் முடிந்து ஓராண்டு கழித்துச் சோதித்தபோது, கிடைத்த முன்னேற்றத்தில் ஒரு பகுதியே எஞ்சியிருந்தது. அடிப்படை பெற்ற குழந்தையை மீண்டும் பழைய வகுப்பில் கொண்டுபோய் உட்காரவைத்தால் வேறென்ன நிகழும்?

கென்யாவின் மேற்குப் பகுதியில் பள்ளிகளுக்குப் பாடநூல்கள் வழங்கி ஆராய்ந்தபோதும் இதே நோய் தென்பட்டது. ஆங்கிலத்தில் அமைந்த அந்நூல்களால் ஏற்கனவே முன்னணியில் இருந்த மாணவர்களே பயனடைந்தனர். ஏனையோர் அவற்றைப் படிக்கும் நிலையிலேயே இல்லை. முன்வரிசைக் குழந்தைக்காக எழுதப்பட்ட பாடத்திட்டம் வளரும் நாடுகளின் பொதுக் குறை எனலாம். மறுபுறம், வங்கதேசத்தில் பிராக் அமைப்பு 1985இல் 22 பள்ளிகளுடன் தொடங்கிய முறைசாராக் கல்வி, ஓரறை, உள்ளூர்ப் பெண் ஒருவர், முப்பதை ஒட்டிய குழந்தைகள் என்ற அளவில் நின்றே நாடெங்கும் பரவியது.

அரசு ஆசிரியரால் இதைச் செய்ய இயலாது என்று எண்ணுவது தவறு. ஹரியானாவில் 2012–13இல் அரசுப் பள்ளிகளே நாளில் ஒரு மணி நேரத்தை ஒதுக்கி, வகுப்பு வேறுபாட்டை நீக்கி, குழந்தைகளை அவர்கள் படிக்கும் நிலைக்கேற்பக் குழுக்களாகப் பிரித்துக் கற்பித்தன. மேற்பார்வை அலுவலர்களும் முதலில் தாங்களே கற்பித்துப் பார்த்தபின் ஆசிரியர்களுக்கு வழிகாட்டினர். மொழிப் பாடத்தில் முன்னேற்றம் காணப்பட்டது. அதே ஆசிரியர்கள், அதே கட்டடங்கள். மாறியது ஒரு மணி நேரமும் அலுவலரின் பார்வையுமே.

சட்டமும் இதற்குத் தடையன்று. கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆவது பிரிவு ஆசிரியரின் கடமைகளைக் கூறுகிறது. குறித்த காலத்துக்குள் பாடத்திட்டம் முழுவதையும் முடிக்க வேண்டும் என்பது ஒரு கடமை. ஒவ்வொரு குழந்தையின் கற்கும் ஆற்றலையும் மதிப்பிட்டு, தேவையானால் கூடுதலாகக் கற்பிக்க வேண்டும் என்பது அதற்கடுத்த வரியிலேயே உள்ள கடமை. ஆய்வுக்குச் செல்லும் அலுவலர் முன்னதைக் கேட்கிறார். பாடம் எதுவரை நடந்துள்ளது என்று குறிப்பேட்டில் பார்க்கிறார். பின்னதைக் கேட்பவர் அரியர். ஒரு குழந்தையை அழைத்து ஒரு பத்தியைப் படிக்கச் சொல்ல மூன்று நிமிடங்கள் போதும். ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் தேர்வு வைத்துத் தேறாதவரை நிறுத்திவைக்க 2019ஆம் ஆண்டுத் திருத்தம் மாநிலங்களுக்கு இடமளித்தது. ஆனால் மூன்றாம் வகுப்பிலேயே பின்தங்கிவிட்ட குழந்தையை ஐந்தாம் வகுப்பில் கண்டுபிடிப்பது காலம் கடந்த கண்டுபிடிப்பு. 2021 ஜூலையில் தொடங்கிய ‘நிபுண் பாரத்’ இயக்கம் மூன்றாம் வகுப்புக்குள் எண்ணறிவும் எழுத்தறிவும் என்ற இலக்கை வைத்தது இதனாலேயே. 2026–27 என்று அதற்குக் காலவரையறையும் குறிக்கப்பட்டது.

தாராவியிலும் பிற பகுதிகளிலும் வாழும் தமிழ்க் குழந்தைகளுக்கு இதில் மற்றுமொரு படி இருக்கிறது. மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் ஆரம்பப் பள்ளிகள் நடத்தி வந்திருக்கிறது. அவற்றுள் தமிழும் ஒன்று. ஒரு நகராட்சி அமைப்பு இதனைச் செய்வது உலகில் அரிது. ஆனால் வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, அலுவலகத்தில் மராத்தி, வேலைக்கு ஆங்கிலம் என்று வாழும் குடும்பம், தமிழ்வழிப் பள்ளியைத் துணிந்து தேர்ந்தெடுப்பதில்லை. அக்குடும்பத்தைக் குறை கூறுவதில் நியாயமில்லை. ஆயினும் தாய்மொழியில் ஒருமுறை படிக்கக் கற்ற குழந்தைக்கு, அடுத்த எழுத்துமுறை பாதி உழைப்பில் வந்துவிடும். எந்த மொழியிலும் படிக்கக் கற்காத குழந்தைக்கு ஒவ்வொரு மொழியும் புதிய சுவர். மகாராஷ்டிரத்தில் 2020ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாப் பள்ளிகளிலும் மராத்தி கட்டாயம். இதைச் சுமையாகக் கருதாமல், முதலிரு வகுப்புகளில் தமிழில் எழுத்தறிவை உறுதிப்படுத்தி, தேவநாகரியைப் பேச்சு, பாட்டு, கடைப்பலகை, நிலையப் பலகை வாயிலாகப் புகுத்துவது நடைமுறைக்கு உகந்த வழி. ஆங்கிலவழிப் பள்ளிக்கே அனுப்ப வேண்டும் என்ற குடும்பமும், மாலையில் அரைமணி நேரம் குழந்தை தமிழில் உரக்கப் படிப்பதைக் கேட்கலாம். அதற்குக் கட்டணம் ஏதுமில்லை.

தமிழ்நாட்டில் 2021 அக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’, முற்றத்துப் பள்ளிக்கும் பால்சகிக்கும் உறவான திட்டம். ஏறத்தாழ இரண்டு இலட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில், மாலை நேரத்தில் குடியிருப்புகளிலேயே குழந்தைகளுக்குக் கற்பித்தனர். தொற்றுக் காலத்தில் இழந்த கல்வியில் மீண்டு வந்த பகுதியில் நான்கில் ஒரு பங்கு அவர்களால் ஆயிற்று என்று ஆய்வு கணக்கிட்டது.

போர்டி முதல் மரக்காணம் வரை, வேலை செய்த கை உள்ளூர்ப் பெண்ணின் கையாகவே இருந்திருக்கிறது. அவருக்கு நாம் வைத்த பெயர்களைப் பாருங்கள்: சேவிகா, தோழி, தன்னார்வலர். ஊழியர் என்ற சொல் மட்டும் கவனமாகத் தவிர்க்கப்பட்டுள்ளது. ஊதியத்துக்கும் மதிப்பூதியம், ஊக்கத்தொகை என்றே பெயர். குறைந்த செலவில் நிறைந்த பயன் என்று பொருளாதார அறிஞர் எழுதும் கணக்கில், அச்செலவு குறைந்ததற்கு ஒரு பகுதிக் காரணம் அவருடைய சம்பளமே. இருபது வயதில் அவர் ஆர்வத்தோடு வருவார். திருமணமாகி, வாடகை உயர்ந்தபின், கடை வேலைக்கோ ஆலை வேலைக்கோ சென்றுவிடுவார். அவரோடு அனுபவமும் சென்றுவிடும்; அடுத்தவருக்கு மீண்டும் இரண்டு வாரப் பயிற்சி. தேசியக் கல்விக் கொள்கை 2020, மேல்நிலைக் கல்வி முடித்த அங்கன்வாடிப் பணியாளருக்கு ஆறு மாதச் சான்றிதழ்ப் பயிற்சியும், அதற்குக் குறைந்த தகுதியுடையோருக்கு ஓராண்டுப் பட்டயப் பயிற்சியும் அளிக்க வகை செய்திருக்கிறது. அப்பயிற்சியை முடித்தவருக்கு ஊதிய விகிதத்தில் என்ன இடம் என்பதை அது தீர்க்கவில்லை. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், அங்கன்வாடிப் பணியாளரும் உதவியாளரும் பணிக்கொடைச் சட்டத்தின்படி பணிக்கொடை பெற உரியவர்கள் என்று தீர்ப்பளித்தது. அத்திட்டம் தொடங்கி அப்போது நாற்பத்தாறு ஆண்டுகள் ஆகியிருந்தன.